லைட்டான வேலை

வேலுத்தாயக்காவுக்கு எதுவுமே முழுசாக வராது. காய்ச்சல் லைட்டாக அடிக்கும், பசி லைட்டாக எடுக்கும். டீ லைட்டாக வேண்டும், சேலை லைட் கலரில் வேண்டும். புருஷன் இறந்த வருடத்தைப் பற்றிக் கேட்டபோதுகூட, அப்போது லைட்டாகக் கஷ்டப்பட்டேன் என்றுதான் சொன்னாள். மூன்று வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு ராஜபாளையம் திரும்பிய நான், அவளுக்கு எதிர்வீட்டில் குடியிருந்தேன். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. அவளை ஸ்கூட்டரில் எங்காவது கொண்டுபோய் விடுவது எனக்கும் தோதாக இருந்தது.

பதினேழு வருடமாக அவள் ஒரு நூல் மில்லில் மிஷின் பார்த்தாள். மிஷினின் நீளத்துக்கு நடந்துகொண்டே அறுந்த இழைகளை விரலால் ஒட்ட வேண்டும். அந்த ஹாலில் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் பெண்கள் கையால் பேசிக்கொள்வார்கள். யார் மகளுக்கு வரன் வந்தது, யார் வீட்டில் மாமியார் சண்டை, எல்லாம் கையில்தான். வேலுத்தாயின் கை பேசினால் நாலு மிஷின் தள்ளி நிற்பவர்களும் சிரிப்பார்களாம்.

வைகாசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர், லைட்டான வேலை மட்டும் கொடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் சீட்டு எழுதினார். மில்லில் அப்படி ஒரு வேலையைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்: நூல் சுற்றும் காலி பாபின்களை நிறம் பார்த்துப் பிரிப்பது. லைட் பச்சை ஒரு ரக நூலுக்கு, அடர் பச்சை இன்னொன்றுக்கு. தனி அறை, நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். மற்ற பெண்கள் பொறாமைப்பட்டார்கள்.

பத்தாம் நாள் என்னிடம் வந்தாள்.

"ஏட்டி, சத்தம் இல்லாம செத்த நேரம் இருந்தாலே எனக்குத் தலை சுத்துது."

வீட்டிலும் அவள் தனியாள். இப்போது மில்லிலும் எட்டு மணி நேரம் பேச ஆளில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். சீட்டில் லைட் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துத் தரும்படி கேட்டாள். அவர் மணிக்கட்டை மெல்ல வளைத்து, வலிக்கிறதா என்றார்.

"லைட்டா."

அவள் முகத்தைப் பார்த்தவர் பேனாவை மூடிவிட்டார். இனி மிஷின் பார்க்கவே முடியாது என்று அவர் என்னிடம் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் சூப்பர்வைசர் கௌதம்ராஜிடம் போய், பாபின் கூடைகளை ஹாலுக்குள்ளேயே ஒரு மூலையில் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறாள்.

"அங்க ஒரே சத்தமும் பஞ்சுமால்லக்கா இருக்கும். இங்க நிம்மதியா உக்காந்திருக்கலாமே."

"அந்த நிம்மதிதான் சார் எனக்கு ஏலல."

அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் சரி என்றார்.

முதல் நாள், மூலைக்கு நேரே இருந்த மிஷினைப் பார்க்கும் பாண்டிசெல்வி, இந்த முனைக்கு வந்ததும், சாப்பிட்டாயா என்று கையால் கேட்டிருக்கிறாள். வேலுத்தாயின் வலது மணிக்கட்டு திரும்ப மறுத்தது. இடது கையால் பதில் சொன்னாள். பதினேழு வருடத்தில் அந்தக் கை ஒரு வார்த்தை பேசியதில்லை. பாண்டிசெல்வி புரியாமல் பார்த்தாள். அதற்குள் எங்கோ இழை அறுந்துவிட, போய்விட்டாள்.

அவள் சுற்றி வர எட்டு நிமிடம் ஆகும். அதுவரை வேலுத்தாய் கூடைக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு, அந்த ஒரு பதிலையே இடது கையால் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாளாம்.