டோர்மட் சிரித்த வழக்கு

டோர்மட் மெக்காஸ்கில் ஒரு சொட்டு விஸ்கியைக்கூட நாக்கில் படவிட்டதில்லை. ஆனால் அந்தத் தீவின் வடிசாலையில் எந்தப் பீப்பாய் பழுத்திருக்கிறது, எது இன்னும் கிடக்க வேண்டும் என்று சொல்வது அவர்தான். எல்லாம் மூக்காலேயே. கிளாஸில் கொஞ்சம் ஊற்றி, தண்ணீர் விட்டு, முகர்ந்து, தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிடுவார். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தீவில் யாரும் சிரித்ததில்லை. தீவில் பொதுவாகவே சிரிப்பு குறைவு.

நாக்கில் படாததற்குக் காரணம் அவருடைய தேவாலயச் சபை. அங்கே மூப்பர்கள் எல்லோரும் குடிக்க மாட்டோம் என்று சத்தியம் செய்தவர்கள். டோர்மட் மூப்பர் மட்டுமல்ல, சங்கீதம் எடுத்துக்கொடுப்பவரும் அவர்தான். வாத்தியமே இல்லாத சபை அது. பிரசங்க மேடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து அவர் முதல் வரியை எடுத்தால்தான் மற்றவர்கள் தொடர முடியும். மனைவி எஃபி இறந்துபோன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த நாற்காலி ஒன்றுதான். வீட்டில் பேச ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தால் ஊரே பதில் பாடும்.

அந்த நாற்காலியின் மேல் இன்னொரு மூப்பரான ஃபார்க்கருக்கும் ஒரு கண். அவர் ஆடு வளர்ப்பவர். குரலும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.

வடிசாலையில் மிகப் பழைய பீப்பாய்கள் ஐந்தை ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை வந்தது. அப்படிப்பட்ட சரக்கு இனிக் கிடைக்காது. காலையில் உள்ளே போன டோர்மட் மத்தியானம் வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு. வேலியோரம் நின்ற ஃபார்க்கர் அதைப் பார்த்துவிட்டார். எஃபி போன பிறகு டோர்மட்டின் பல்லை யாரும் பார்த்ததில்லை.

மறுநாளே டோர்மட்டை நடுவில் உட்காரவைத்து மூப்பர்கள் கூடினார்கள்.

"குடிக்கலங்கிறது வாஸ்தவம்தான்," என்றார் ஃபார்க்கர். "ஆனா மூக்கு வழியா இன்பம் எடுத்திருக்காரு. வாசல் வழியா வந்தா என்ன, ஜன்னல் வழியா வந்தா என்ன, திருடன் திருடன்தானே ஐயா?"

கில்லீஸ் போதகர் நெற்றியைத் தேய்த்தார். "வாசனையில இன்பம் இருக்கா இல்லையான்னு தெரியாம எப்படிய்யா தீர்ப்புச் சொல்றது?"

ஆக, வடிசாலையிலிருந்து ஐந்து கிளாஸ்கள் சபைக்கூடத்துக்கு வந்தன. ஜெபம் செய்துவிட்டு முகர ஆரம்பித்தார்கள். முதல் கிளாஸில் ஈர வைக்கோல் என்று முடிவாயிற்று. அதில் இன்பம் இல்லை. இரண்டாவதில் சண்டை வந்தது. கடற்பாசி என்றார் தபால்காரரான லாக்லன் மூப்பர்.

"பாசியாவது. தாருய்யா இது," என்றார் ஃபார்க்கர். "எங்கப்பா படகுக்கு அடிச்ச தார். வெயில்ல காயுறப்போ இப்படித்தான்..." மறுபடி முகர்ந்தார். இன்னொரு தரமும் முகர்ந்தார். தன் வாய் இரண்டு காதையும் தொடப் போனதை அவர் மட்டும்தான் கவனிக்கவில்லை.

மூன்றாவது கிளாஸ், தன் முதல் பைபிளின் தோலட்டை வாசனை என்று சொல்லி, போதகர் அதை யாருக்கும் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார். ஐந்தாவதில் மூக்கை விட்ட லாக்லன் வெளியே எடுக்கவே இல்லை. கேட்டதற்கு, பரிசோதனை இன்னும் முடியவில்லை என்றார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. டோர்மட் குற்றவாளி என்றால் அந்த அறையில் யோக்கியன் என்று ஒருவனும் இல்லை.

ஃபார்க்கர் குரலைத் தணித்தார். "டோர்மட், இன்பமெல்லாம் ஒண்ணும் இல்ல, பல்வலின்னு சொல்லிடுங்க. வலியில முகம் கோணிடுச்சு, அவ்வளவுதான். நாற்காலி உங்களுக்கே இருக்கட்டும்."

டோர்மட்டுக்குப் பொய் வராது. எஃபி சுட்ட ரொட்டி கருகினால் கருகிவிட்டது என்றே சொல்லி, கல்யாணமான நாளிலிருந்து திட்டு வாங்கிய மனிதர்.

"நாலாவதுல எஃபி இருந்தா," என்றார். "மழையில நனைஞ்ச கோட்டை அடுப்புப் பக்கம் காயப்போட்டுட்டு, ஆரஞ்சுத் தோலை உரிச்சுக்கிட்டே என்னைத் திட்டுவா. அந்த வாசனை. சந்தோஷமா இருந்துச்சு ஐயா. வேலைக்கு ஒரு தடவை முகர்ந்தாப் போதும். நான் திரும்பத் திரும்ப முகர்ந்தேன்."

தீர்ப்பை அப்படியே விட்டுவிட்டார்கள். மிச்சத்தைக் கொட்டினால் விரயம், விரயமும் பாவம் என்பதால் கிளாஸ்களை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி காலியாக இருந்தது. போதகர் சங்கீதத்தை அறிவித்துவிட்டுக் காத்திருந்தார். டோர்மட் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தார். ஃபார்க்கர் தன் பூட்ஸையே பார்த்தார். சபை முழுக்க இருமல் சத்தம்தான் கேட்டது.

"இதுல உட்கார யோக்கியதை உள்ள ஆள் இன்னைக்கு இங்க இல்ல," என்றார் போதகர் கடைசியில். "என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். அதனால, இருக்கிற பாவிகள்ல குரல் நல்லா இருக்கிற பாவி வந்து உட்காரட்டும்."

டோர்மட் எழுந்து நடந்து வந்தார். உட்கார்ந்து, கண்ணை மூடி, முதல் வரியை எடுத்தார். ஊரே பதில் பாடியது. இரண்டாவது வரிக்குள் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

ஃபார்க்கரின் மனைவி முழங்கையால் இடித்தாள். "என்னங்க, அவரு சிரிக்கிறாரு பாருங்க."

"பல்வலிடி," என்றார் ஃபார்க்கர். "பேசாம பாடு."