வலி போவதற்குள் பேர் கொடுத்தவள்

செய்தி வந்தபோது நான் நத்தம் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். மார்கழி பிறந்து சில நாட்கள். புளியமரங்களுக்கு அடியில் இன்னும் பனி இருந்தது. கைபேசியில் அமலியின் வீட்டுக்காரர் ஜோசப் அண்ணன் பெயரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "சுமதி, அமலி போயிட்டாம்மா" என்றார். போனை வைத்துவிட்டார். குனிந்து பார்த்தால் என் விரல் கைக்கடிகாரத்தில் ஓட்டக் கணக்கை நிறுத்தி வைத்திருந்தது. எப்போது அழுத்தினேன் என்று தெரியாது. ஓடுகிறவர்களுக்கு அது பழக்கம். வழியில் யாராவது நிறுத்தி வழி கேட்டாலும் கை தானாக அங்கே போய்விடும். ஆனாலும் அன்றைக்கு என் விரலை எனக்குப் பிடிக்கவில்லை. தேங்காய் ஏற்றி வந்த ஒரு வேனைக் கை காட்டி நிறுத்தி ஊர் வந்து சேர்ந்தேன்.

அமலோற்பவமேரி என்பது அவளுடைய முழுப்பெயர். உங்களில் பலர் அவளைப் பழநி ரோட்டுப் பம்புசெட் கடையில் பார்த்திருப்பீர்கள். கிணற்று மோட்டாருக்கு வால்வு, கெபாசிட்டர், சொட்டுநீர்க் குழாய் என்று எதையாவது அவள் கையால் வாங்கியிருப்பீர்கள். கூடவே கொஞ்சம் திட்டும் வாங்கியிருப்பீர்கள். "அவர்" என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். படித்தால் அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். எனவே அவள் என்றே எழுதுகிறேன்.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். எங்கள் வீட்டு மோட்டார் ஒருநாள் உயிரை விட்டபோதுதான் அந்தக் கடைக்கு முதன்முதலாகப் போனேன். என் வயதுள்ள ஒரு பெண் கல்லாவைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தாள். மேல் தட்டில் இருந்ததைக் கேட்டதும் அழுவதுபோல் என்னைப் பார்த்தாள். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீக. நீங்களே ஏறி எடுத்துக்கங்க. நேத்து மாரத்தான் ஓடிட்டு வந்தேன். உக்காந்தா எந்திரிக்க முடியல, நின்னா உக்கார முடியல" என்றாள். "யாரு தொரத்துனா?" என்று கேட்டேன். அவள் சிரித்த சிரிப்பில் தொடை வலித்து, "அய்யோ சிரிக்க வைக்காதீக" என்று அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். நாற்பத்தைந்து வயதில் ஸ்டூல் மேல் ஏறி மோட்டார் சாமான் எடுத்த நான், அடுத்த மாதமே அவளோடு ஓட ஆரம்பித்திருந்தேன். எப்படி என்று என் வீட்டுக்காரர் இன்றுவரை கேட்கிறார்.

பிறகு ஜமீலா வந்தாள், பூக்கடை வசந்தா வந்தாள், இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள். கோஷ்டிக்குப் பெயரெல்லாம் வைக்கவில்லை. ஓடிக் களைத்த கால்களை நீவ, பஞ்சு வைத்த உருளை ஒன்று மதுரைக் கடைகளில் விற்கிறார்கள். அமலி அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போகணும்?" என்று கடையில் மிச்சம் விழுந்த பிவிசி பைப்பை முழ நீளத்துக்கு அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். பழைய துண்டைச் சுற்றி அதன் மேல் கெண்டைக்காலை வைத்து உருட்ட வேண்டும். உயிர் போகும். மறுநாள் நடக்க முடியும்.

மாரத்தான் முடிந்து ஊர் திரும்பும் நாளன்று மாலை அவள் கடையில் ஒரு சடங்கு நடக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மோட்டார் பெட்டிகளுக்கு நடுவே நாங்கள் எல்லோரும் தரையில் உட்கார்ந்து பைப் உருட்டுவோம். ஜமீலாவின் தம்பி அய்யலூர்ச் சந்தையில் ஆடு பிடிக்கிறவர். அவர் புண்ணியத்தில் ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கால் சூப் வந்திருக்கும். குடித்து முடிப்பதற்குள் அமலி எல்லோருடைய கைபேசியையும் பிடுங்கி, அடுத்த மாரத்தானுக்குப் பேர் கொடுத்துவிடுவாள். முதல் தடவை நான் அலறினேன். இந்த வலி ஆறட்டும், அப்புறம் யோசிக்கலாம் என்றேன்.

"வலி இருக்கும்போதே பேர் குடுத்துடணும்த்தா. வலி போச்சுன்னா புத்தி வந்துரும். புத்தி வந்துட்டா எவ ஓடுவா?" என்றாள்.

அப்படித்தான் ஒன்றின் வலியிலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டு சில வருடங்கள் போயின. என் வாழ்க்கையிலேயே நன்றாக இருந்த வருடங்கள் அவைதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன ஆடியில் ஐதராபாத்துக்குப் போனோம். பாதித் தூரம் தாண்டியதும் ஒரு மேம்பாலத்தில் அமலியை எட்டிப் பிடித்தேன். எப்போதும் எனக்கு முன்னால் போய், முடிவில் தண்ணீர் பாட்டிலோடு நின்று நக்கல் அடிக்கிறவள். அன்று அவளைக் கடந்து போனேன். கடைசியில் நான்தான் பாட்டிலோடு காத்திருந்தேன். வந்து சேர்ந்தவள் நடைபாதையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "நீ என்னடி, இப்பத்தான் வயசுக்கு வந்தவ மாதிரி ஓடுற?" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊர் திரும்பியதும் வழக்கம்போல் கடையில் கூடினோம். தை மாதம் சென்னையில் நடக்கிற மாரத்தானுக்கு, எங்கள் இரண்டு பேரின் பேரையும் சேர்த்தே கொடுத்தாள்.

எங்கள் கால்கள் ஒரு வாரத்தில் ஆறின. அவளுக்கு ஆறவில்லை. கடையில் படி ஏறினால் மூச்சு வாங்கியது. தொடையிலும் கெண்டையிலும் நீலநீலமாகக் கன்றிப்போயிருந்தது. பைப்பை அழுத்தி உருட்டியதால்தான் என்றாள், நாங்களும் அப்படியே நம்பினோம். ஓடுகிறவர்களுக்குக் கால்விரல் நகம் கறுக்கும், சதை கன்றும், களைப்பு வாரக்கணக்கில் நிற்கும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய எங்களுக்கு எதுவும் புதிதாகத் தெரியவில்லை. ஓடாத ஒருத்தி அந்தக் கால்களைப் பார்த்திருந்தால் அன்றைக்கே பதறியிருப்பாள். வசந்தா முருங்கைக்கீரை கொண்டுவந்தாள், ஜமீலா சூப்பு, நான் பேரீச்சம்பழம். பைப்புக்கு இன்னொரு சுற்றுத் துண்டு சுற்றச் சொன்னோம். ஜோசப் அண்ணன் மட்டும் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "டாக்டர் என்ன சொல்லுவாரு? ஓடாதேம்பாரு. அதை எங்க மாமியாரே தெனமும் சொல்லுது" என்று அவர் வாயை அடைத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

ஒருநாள் காலை பல் துலக்கும்போது ஈறில் வந்த இரத்தம் மதியம்வரை நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் மதுரை. இரத்தப் புற்று என்றார்கள்.

மருத்துவமனையிலும் அவள் சும்மா கிடக்கவில்லை. மருந்து ஏறுகிற ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். தைக்குள் தேறிவிட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பேச்சு. இந்த வாரம் நடை, அடுத்த வாரம் வேக நடை, கார்த்திகையில் மெல்ல ஓட்டம் என்று திட்டமே போட்டு வைத்திருந்தாள். ஜோசப் அண்ணனிடம் டாக்டர் சொன்னது வேறு. அது எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"தை மாசத்துக்கு முடியுமாடி?" என்று கேட்டாள்.

"முடியும்."

"பொய் சொல்றப்ப ஒன் மூஞ்சி முப்பதாவது கிலோமீட்டர்ல நாக்குத் தள்ளுற மூஞ்சி மாதிரி இருக்குத்தா" என்றாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு, "இதுக்கு முன்னாடி எம்புட்டு வலிச்சிருக்கு. அப்பல்லாம் அடுத்தது ஒண்ணு இருந்துச்சு. அடுத்தது இல்லைன்னா இம்புட்டு வலி எதுக்குடி?" என்று கேட்டாள்.  

கடைசியாகப் போனபோது அவள் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஸ்டாண்டு மூலையில் நின்றது. "ஒங்க வீட்டு மோட்டாரு இப்பச் சத்தம் போடுதா?" என்று கேட்டாள். இல்லை, நன்றாக ஓடுகிறது என்றேன். "போட்டா கடையில அவர்ட்டச் சொல்லு, பேரிங் மாத்தணும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பேருந்தில் திரும்பும்போது அம்மையநாயக்கனூர் வரைக்கும் அழுதேன். அவள் தைக்குத் திட்டம் போடுவதை நிறுத்திவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்து நிற்கும்போதே பேச்சு கிளம்பிவிட்டது. "இந்த வயசுல ஓடுனா இப்படித்தான். ஓடி ஓடியே போயிட்டா மகராசி" என்று அவள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதார். அந்த அம்மாவின் துக்கத்தோடு சண்டை போட முடியாது. ஆனால் தெருவே அதைத் திருப்பிச் சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த நோய் ஓடியதால் வரவில்லை, டாக்டரே சொன்னார் என்று நின்று நின்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "நீங்களும் பாத்து இருந்துக்கங்க டீச்சர்" என்றார்கள். ஜமீலாவின் வீட்டில் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வசந்தா, மார்கழிப் பூ வியாபாரம் முடியட்டும் என்கிறாள். முடிந்தாலும் வரமாட்டாள். செய்தி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நானும் ஓடவில்லை. நிறுத்திய ஓட்டம் கடிகாரத்தில் அப்படியே நிற்கிறது. தொடரவா, அழிக்கவா என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நேற்று சென்னையிலிருந்து கைபேசிக்குத் தகவல் வந்தது. சேர்த்துப் பேர் கொடுத்ததால், சட்டையில் குத்திக்கொண்டு ஓட வேண்டிய இரண்டு எண்களும் எனக்கே வந்திருக்கின்றன. அவளுடையதும் என்னுடையதும் அடுத்தடுத்த எண்கள். நான் போகப் போவதில்லை. அவளுக்காக ஒருமுறை ஓடிவிட்டு வாருங்கள் என்று ஜோசப் அண்ணன் சொன்னார். நல்ல மனிதர். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு என் மூஞ்சியைப் படிக்கத் தெரியாது.

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த முழ நீளப் பைப்புத்தான். கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த ஓரம் இன்னும் வழவழப்பாக இருக்கிறது. எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன், திரும்ப வைத்துவிடுகிறேன். உருட்டுவதற்குக் காலில் வலி ஒன்றும் இல்லை.

அமலி ஓர் இடத்தில் தப்பாகச் சொல்லிவிட்டாள். வலி போனால்தான் புத்தி வரும் என்றாள். எனக்கு வலி அப்படியே இருக்கிறது. புத்தியும் வந்துவிட்டது.