மழைக்கு ஒரு மன்றாட்டு

எங்கள் வேதக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு மன்றாட்டு எழுதுவதும் வாசிப்பதும் என் வேலை. யாரும் என்னைத் தெரிவு செய்யவில்லை. முன்பு அதைச் செய்தவர் மகளோடு இருக்கப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு மைக் முன்னால் ஆளில்லை. முன்பள்ளியில் முப்பது பிள்ளைகளை அதட்டி அதட்டி என் தொண்டை எப்போதும் தயாராக இருக்கும். எழும்பிப் போய் மனதில் வந்ததைச் சொன்னேன். அன்றோடு அந்த இடம் எனக்கென்று ஆகிவிட்டது.

மல்லாவியிலிருந்து உள்ளே வரும் கிறவல் மண் வீதியில் எங்கள் கோயில் இருக்கிறது. சின்னக் கோயில்தான். சுவாமியார் இன்னொரு ஊரில் பூசை முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் வந்து, தலையில் படிந்த செம்மண்ணைத் தட்டிவிட்டுப் பூசையைத் தொடங்குவார். இளம் சுவாமியார். எதைக் கேட்டாலும், "ரீச்சர், நீங்களே பாருங்கோ" என்பார். அது மரியாதையா தப்பித்தலா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

மன்றாட்டு எழுதுவது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு மாதம் எழுதிப் பார்க்க வேண்டும். திருச்சபைக்கு ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று என்று தொடங்கும். அதற்குள் சனம் என்னைப் பிடித்துவிடும். ஒருத்திக்குத் தம்பியின் விசா. இன்னொருத்திக்கு மகளின் சோதனை. ஒருவர் காணாமல் போன பசுவை, நிறமும் கொம்பின் வளைவும் சொல்லி, மன்றாட்டில் சேர்க்கச் சொன்னார். "ஆண்டவருக்கு அடையாளம் சொல்லத் தேவையில்லை" என்றேன். "சனத்துக்குத் தேவை தானே ரீச்சர், ஆரும் கண்டா சொல்லுவினம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பசுவைச் சேர்த்தேன்.

நான் என்ன வாசித்தாலும் எங்கள் சனம் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். காது கேட்கிறதோ இல்லையோ, வாய் சொல்லிவிடும். நான் வாசித்து நிறுத்துகிற அந்த இடைவெளிதான் அவர்களுக்குக் கணக்கு. ஒரு தடவை காற்றாடி என் கடதாசியைப் பறக்கடித்தது. "அந்தக் காத்தாடியை ஆராவது நிப்பாட்டுங்கோ" என்றேன். கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. ஆண்டவர் கேட்கவில்லை. மூப்பர்தான் எழும்பிப் போய் நிறுத்தினார்.

மூப்பர் என்றால் எங்கள் கோயில் சபையின் தலைவர். அறுபது கடந்த மனிதர், பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். ஊரிலே வயல் அதிகம் உள்ளவர்களில் அவரும் ஒருவர். கோயிலுக்குக் கூரை போட்டாலும் பெருநாளுக்குப் பந்தல் போட்டாலும் முன்னால் நிற்பார். அதனால் என்ன செய்ய வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்கிற பழக்கமும் அவருக்கு உண்டு. சொல்வதைக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. இருவருக்கும் அடிக்கடி முட்டும்.

அந்த வருஷம் காலபோகத்துக்கு நெல் விதைத்த கையோடு பெரிய மழை பெய்தது. பெரும்பாலான வயல்கள் எப்படியோ தப்பின. பள்ளத்தில் கிடந்த சில துண்டுகள் அழுகிப் போயின. தை முடிகிற நேரம் ஊரெல்லாம் கதிர் முற்றி, வெட்டு மெஷினுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வானம் மூடத் தொடங்கியது. முற்றின கதிரில் மழை விழுந்தால் பயிர் படுத்துவிடும், சேற்றுக்குள் மெஷின் இறங்காது, நெல் வயலிலேயே முளைத்துவிடும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

திங்கட்கிழமை மல்லாவிச் சந்தையில், மரக்கறிக் கடைக்கு முன்னால் மூப்பர் என்னைக் கண்டுவிட்டார். மகன் போட்டுக் கொடுத்த வானிலைப் படத்தைக் கைபேசியில் காட்டினார். நாள் தவறாமல் முகிலும் துளியும் கிடந்தன.

"ரீச்சர், வாற ஞாயிறு மழை வேண்டாம் எண்டு வடிவா ஒரு மன்றாட்டு எழுதுங்கோ. சுத்தி வளைக்க வேண்டாம். நேராக் கேளுங்கோ."

"ஓம், எழுதுறன்" என்றேன். எங்கள் வீட்டு வயலும் வெட்டக் கிடந்தது. அதனால் அன்றைக்குச் சண்டைக்குக் காரணம் இருக்கவில்லை.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்கு நவநாள். செவ்வாய்க்கிழமையில் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சைவக்காரர். காலையில் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு மாலையில் இங்கே மெழுகுதிரி கொளுத்துவார்கள். அவர்களில் ஒருத்தி, என் தங்கச்சி வயது. அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். அவள் பிறந்ததே இங்கேதான், ஆனாலும் வீட்டுப் பேச்சு கொஞ்சம் நாக்கில் ஒட்டியிருக்கும். புருஷனுக்கு நெளுக்குளத்தில் தங்கி மேசன் வேலை. வயலை அவள்தான் பார்க்கிறாள். நவநாள் முடிந்து கதவைச் சாத்த நின்ற என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பூசையில நீங்கதானே சாமிகிட்ட கேக்கிறது?"

"ஓம், சொல்லும்."

"எனக்கும் ஒரு வரி போடுங்க அக்கா. மழை வேணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு நின்றது. அழுகிப்போன துண்டுகளில் ஒன்று அவளுடையது. திரும்ப விதைநெல் தேடி விதைக்க ஒரு மாதம் பிந்திவிட்டது. ஊர் வயலெல்லாம் பழுத்து நிற்க, அவள் வயலில் இப்போதுதான் கதிர் வெளியே வருகிறது. பால் பிடிக்கிற நேரம் தண்ணீர் இல்லாவிட்டால் எல்லாம் பதராய்ப் போகும். வெட்டு நடக்கிறதென்று வாய்க்காலையும் அடைத்துவிட்டார்கள். ஒரு துண்டு வயலுக்காக யார் திறப்பார்கள்?

"வித்துக் காசு பாக்க இல்லக்கா. வருஷம் முழுக்கச் சோறு அதுதான்" என்றாள். "புள்ளையாருகிட்டயும் சொல்லியிருக்கேன். அந்தோனியாருக்கும் சொன்னேன். ஊரே சேந்து கேட்டா நல்லதுன்னு நெனச்சேன்."

ஊரே சேர்ந்து கேட்கப் போவது நேர்மாறாக என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "பாப்பம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்றிலிருந்து எனக்குத் தலைவலி. குசினியில் கறி கருகியது. 'அந்தந்த வயலுக்கு வேண்டியதை அந்தந்த நேரத்தில் தந்தருளும்' என்று எழுதிப் பார்த்தேன். வாசித்தபோது எனக்கே கோபம் வந்தது. இரண்டு பேரையும் ஏமாற்றுகிற வசனம் அது. தேர்தல் மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது போல இருந்தது. கிழித்துப் போட்டேன். சுவாமியாருக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைக் கடைசி வரை கேட்டார்.

"ரீச்சர், நீங்களே பாருங்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. வெளியே வானம் கறுத்து நின்றால் உள்ளே இடம் கிடைக்காது. திருச்சபைக்கும் நாட்டுக்கும் நோயாளிகளுக்கும் வாசித்தேன். பிறகு மழை வேண்டாம் என்று, மூப்பர் சொன்னபடி நேராகக் கேட்டேன். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஓடு அதிரச் சொன்னார்கள். அப்படி ஒரு பக்தியை உயிர்த்த ஞாயிறன்றும் நான் கேட்டதில்லை. முன்வரிசையில் மூப்பர் திருப்தியோடு மீசையைத் தடவினார்.

அந்த மீசையைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்தது. கடதாசியில் இல்லாததை வாய் சொன்னது.

"பிந்தி விதைத்து, பால் பிடிக்கத் தண்ணீர் இல்லாமல் தவிக்கிற ஒரு சகோதரியின் வயலுக்காக, ஆண்டவரே, மழையைத் தந்தருளும் என்று உம்மை மன்றாடுகிறோம்."

நிறுத்தினேன். அந்த இடைவெளி போதும்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

மூப்பரின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது வரிசை வரிசையாக விளங்கியது. பெண்கள் பக்கம் ஒருத்தி வாயைப் பொத்தினாள். மூப்பர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் கூரையைப் பார்த்தார். பீடத்தில் சுவாமியார் குனிந்து எதையோ தேடினார், தோள் மட்டும் குலுங்கியது. நான் கடதாசியை மடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவள் மாதிரி வந்து இருந்தேன். சந்தோஷமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

பூசை முடிந்து வேம்புக்குக் கீழே என்னைச் சுற்றிவிட்டார்கள்.

"ரீச்சர், என்ன வேலை பாத்தனீங்கள்? ஊர் முழுக்க நெல் கிடக்குது!"

"நான் கேட்டது மட்டும்தான். கேட்டருளும் எண்டு சொன்னது நீங்கள்" என்றேன்.

"அது வாய் பழகிச் சொன்னது!"

"அப்ப முதல் சொன்னதும் வாய் பழகித்தானோ?"

மூப்பர் விடவில்லை. "இப்பவே போய் அந்த மன்றாட்டை வாபஸ் வாங்குங்கோ" என்றார்.

"நான் என்ன கோட்டில வழக்கே போட்டனான், வாபஸ் வாங்க?"

சிரிப்பு எழும்பியது. மூப்பர் சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்தார். கிழக்கே முகில் இன்னும் தடித்திருந்தது. அவர் உண்மையாகவே பயந்துவிட்டார். மழை வேண்டாம் என்பதையும் வேண்டும் என்பதையும் ஊர் ஒரே குரலில் கேட்டிருக்கிறது. கடைசியாகக் கேட்டதுதான் கணக்கில் எடுபடும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"ஆரின்ர வயல் அது?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருடைய வயல் கிணற்றுக்கு அடுத்த வரம்பில் கிடக்கிற துண்டு. அவருக்கு அது தெரியாமல் இல்லை. அந்தப் பச்சையை நாள்தோறும் கடந்துதான் போகிறார். அது ஒருத்தியின் சோறு என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான். மீசையை இரண்டு தரம் இழுத்தார்.

"அப்ப அவவுக்குத் தண்ணி வந்தா மழை தேவையில்லைத் தானே?"

"தேவையில்லை."

"மன்றாட்டும் முடிஞ்சுது?"

"முடிஞ்சுது."

பின்னேரம் நான் சைக்கிளில் போய்ப் பார்த்தேன். மூப்பரின் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் வரம்போரம் நின்றது. கிணற்றடியில் தண்ணீர்ப் பம்ப் இரைந்துகொண்டிருந்தது. காலையில் என்னோடு சண்டை பிடித்த இரண்டு பேர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, குழாயை இழுத்து அவள் வயலுக்குள் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெடித்துக் கிடந்த மண் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது. அவள் வரம்பில் நின்று, எதற்காக இவ்வளவு பேர் இப்படி அவசரப்படுகிறார்கள் என்று விளங்காமல் பார்த்தாள். மூப்பர் அடிக்கடி அவளிடம், "காணுமோ பிள்ளை? இன்னும் வேணுமோ? வடிவாச் சொல்லும், மனசில ஒண்டும் வைக்கக் கூடாது" என்று கேட்டார். அவள் மனதில் கொஞ்சம் மழை ஆசை மிச்சமிருந்தாலும் ஆபத்து என்பது அவர் பயம்.

"போதுங்கய்யா, போதும்" என்று அவள் கும்பிட்டாள். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அந்தோனியாரு மழைய இப்பிடியா அனுப்புவாரு?" என்று காதில் கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் கண் கலங்கியிருந்தது, என் கண்ணும்தான்.

மழை வரவில்லை. முகில் இரண்டு நாள் நின்று கடல் பக்கம் போய்விட்டது. ஊர் வயலெல்லாம் வெட்டி முடித்தார்கள். மூப்பர் அவளுடைய வயலுக்கு இன்னும் இரண்டு தடவை பம்ப் போட்டார், யாரும் கேட்காமலே.

வெட்டு முடிந்த கையோடு, அடிமண்ணில் மிஞ்சிய ஈரத்தை நம்பி எல்லோரும் பயறு விதைத்தார்கள். மூப்பர் மற்றவர்களைவிடக் கூட விதைத்தார், தூரத்துத் துண்டுகளில், கிணற்றுத் தண்ணீர் எட்டாத இடத்தில். பங்குனி பிறந்தும் ஒரு துளி இல்லை. பயறு இலை சுருண்டது. சனிக்கிழமை நான் மழைக்கு ஒரு மன்றாட்டு எழுதி முடித்திருந்தபோது மூப்பர் படலையைத் திறந்து வந்தார். எதற்கென்று தெரியும். கதிரையில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, எழுதியதை வாசித்துக் காட்டினேன். இந்தத் தடவை அவருக்குப் பிழை பிடிக்க ஒன்றும் இருக்காது என்று எனக்குப் பெருமை.

"நல்லா இருக்கு" என்றார். "இந்தக் கிழமை வேண்டாம்."

"என்ன? உங்கட பயறு?"

"அந்தப் பிள்ளையின்ர வயல் செவ்வாய்தான் வெட்டு. கதிர் நல்லாச் சாஞ்சு நிக்குது. இப்ப மழை பெய்தா எல்லாம் போச்சு." தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பினார். "மழையைப் பற்றி வாயே திறக்காதேங்கோ. இந்தச் சனம் எதுக்கும் கேட்டருளும் எண்டு சொல்லிப்போடும்."

அடுத்த நாள் நான் திருச்சபைக்கும் நாட்டுக்கும் நோயாளிகளுக்கும் வாசித்துவிட்டு நிறுத்தினேன். எல்லோரும் மழைக்காகக் காத்திருந்தார்கள். நான் கடதாசியை மடித்தேன். பின்வரிசையில் முணுமுணுப்புக் கிளம்பியது. முன்வரிசையிலிருந்த மூப்பர் மெல்லத் திரும்பி, ஒரு பார்வை பார்த்தார். கோயில் அடங்கியது. அவருடைய பயறு பாதி காய்ந்துவிட்டது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.