மைக்கைத் தட்டிப் பார்த்தவன்

ஏழு வாரம் நான் ஓர் இரும்புத் துண்டிடம் உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தேன். அப்போது அது எனக்கு இரும்புத் துண்டு அல்ல. ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர்கள் கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நிற்பார்களே, அந்த ரக மைக். அதைக் கணினியோடு இணைத்துவிட்டதாக நம்பி, சனிக்கிழமை பிற்பகல்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்வை வழிய, என் கட்டுரைகளை நானே வாசித்தேன். வாசித்ததைப் போட்டுக் கேட்டுவிட்டு, "சத்தத்துல ஒரு ஆழம் இருக்கு பாத்தியா?" என்று மனைவியிடம் பெருமைப்பட்டேன். அத்தனை நாளும் என் குரலைப் பதிவு செய்தது மடிக்கணினியின் திரைக்கு மேலே குண்டூசி முனை அளவுக்கு இருக்கிற அதன் சொந்த மைக். பாடகர்களின் மைக் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தது.

அலுவலகத்தில் எனக்குக் 'கணினி தெரிந்தவர்' என்று பெயர். அச்சு இயந்திரம் மக்கர் செய்தால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொல்வேன். அந்தப் பெயர் அப்படி வந்தது.

இதையெல்லாம் அக்காவுக்காகச் செய்தேன். நான் ஞாயிறு பத்திரிகையில் வேடிக்கைக் கட்டுரை எழுதுகிறவன். எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்பது பத்திரிகைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறுதியாகத் தெரிந்த வாசகி ஒருத்தி உண்டு, அக்கா. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கோத்தா திங்கியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தாள். அரசாங்க மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள், என்னைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். ஞாயிறு காலையில் பத்திரிகையும் கையுமாக வந்து, சமையலறை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து அதை விரித்துப் பிடிப்பாள். என் கட்டுரை அவள் பக்கம் இருக்கும். என் பக்கம் இரங்கல் அறிவிப்புகள். அவள் முகம் தெரியாது என்பதால் நான் இறந்தவர்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் குலுங்கினால் கட்டுரை தேறிவிட்டது. மாலை போட்ட பெரியவர்கள் வரிசையாகக் குலுங்கிக் குலுங்கி ஆடுவதைப் பார்க்கும் பாக்கியம் வேறு எந்த எழுத்தாளனுக்கும் கிடைத்திருக்காது. அசையாமல் என்னையே வெறித்துப் பார்த்த ஞாயிறுகளும் உண்டு. அன்றைக்கு அக்கா பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "ஏன்டா, இந்த வாரம் உடம்புக்கு முடியலயா?" என்பாள்.

அத்தான் இறந்த மறுவருடம் அவளுடைய மகள் அவளை ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பெர்த்துக்கும் ஜொகூருக்கும் நேர வித்தியாசம் கிடையாது. இது எனக்கு முதலில் ஆறுதலாக இருந்தது. போகப் போகத்தான் அதில் உள்ள கொடுமை தெரிந்தது. வேறு நேரமாக இருந்தால், அங்கே இப்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்த வசதி இல்லை. நான் பத்து மணிக்குக் காப்பி குடித்தால் அவளும் பத்து மணிக் காப்பிதான் குடிக்கிறாள். எதிர் நாற்காலி மட்டும் ஐந்து மணி நேர விமானப் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது.

முதலில் கட்டுரையைப் படமெடுத்து அனுப்பினேன். வாசித்துவிட்டு அழைப்பாள், திட்டுவாள், நான் நிம்மதியாக இருப்பேன். பிறகு அவளுக்குக் கண்ணில் கோளாறு வந்தது. பார்வையின் நடுப்பகுதி மங்கி, ஓரங்கள் மட்டும் மிஞ்சின.

"வீடியோல உன்னப் பாத்தா காது ரெண்டும் தெரியுதுடா. நடுவுல ஆளக் காணோம்," என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நீயே படிச்சி அனுப்பேன்," என்றாள்.

செல்பேசியில் வாசித்து அனுப்பியிருக்கலாம். மூளை உள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். எனக்கோ, அவள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கேட்பது போல இருக்க வேண்டும் என்று ஆசை. பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு நடுவில் செல்பேசியில் கத்துகிற தம்பியை அவளுக்கு அனுப்ப மனம் வரவில்லை. இரண்டு வாரம் இணையத்தில் துருவிப் பார்த்து, அந்தப் பாடகர் மைக்கை வரவழைத்தேன்.

மைக்கோடு வயர் வரவில்லை. மைக்கின் அடியில் மூன்று ஊசிகள் துருத்திக்கொண்டிருந்தன. எங்கள் வட்டாரத்தில் கராவோக்கே பெட்டி இல்லாத இந்தியர் வீடு அபூர்வம், எங்கள் வீட்டிலும் அலமாரியில் ஒன்று கிடந்தது. அதன் மைக் வயரில் ஒரு முனையில் மூன்று ஓட்டைகள், மறுமுனையில் ஒரு தடித்த ஊசி. தடித்த ஊசிக்கு ஒரு சின்ன மாற்றியை மாட்டினால் மடிக்கணினியின் துளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பொருந்திவிட்டால் வேலை செய்யும் என்பது என் வாழ்நாள் நம்பிக்கை. என் திருமண விஷயத்திலும் அந்த நம்பிக்கைதான்.

அடுத்து, சோதனை. நம் ஆட்கள் தட்டாமல் எந்த மைக்கையும் நம்புவதில்லை. கோயில் கூட்டமோ, கல்யாண மண்டபமோ, தலைவர் வந்து டொக் டொக் என்று இரண்டு தட்டு தட்டி "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" சொன்னால்தான் நிகழ்ச்சி தொடங்கும். நானும் தட்டினேன். திரையில் பச்சைக் கோடு துள்ளிக் குதித்தது. பக்கத்திலேயே இருந்த மடிக்கணினி தன் சொந்தக் காதால் அந்தத் தட்டலைக் கேட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. மாறாக, கணினியின் உறுமல் அருமையான மைக்கில் விழுந்துவிடக் கூடாது என்று அதை மேசைக் கோடிக்குத் தள்ளிவிட்டு, மேலே ஒரு துண்டையும் போர்த்தினேன். கேட்டுக்கொண்டிருந்த ஒரே காதை அப்படி மூடினேன்.

பதிவைப் போட்டால் சத்தம் வரவில்லை. வயரைப் பிடுங்கியதும் வந்தது. உயர்ந்த கருவிகளுக்கு இப்படிச் சில பிடிவாதங்கள் இருக்கும் போல என்று விட்டுவிட்டேன்.

அக்காவிடமிருந்து ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அழைப்பு இல்லை. ஆறு வாரத்தில் ஆறு கட்டைவிரல். மற்றவர்களுக்கு அது பாராட்டு. அக்கா பிறந்ததிலிருந்து எனக்கு மரியாதை கொடுத்தவள் இல்லை. அவள் என்னிடம் நாகரிகமாக நடந்துகொள்ளத் தொடங்கிவிட்டாள். கட்டுரை பிடிக்கவில்லையா, உடம்பு சரியில்லையா, அல்லது அந்த ஊர் அவளை முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டதா? நேரடியாகக் கேட்கப் பயமாக இருந்தது. அந்த வாரங்களில் நான் எழுதிய எதுவும் எனக்கே சிரிப்பு மூட்டவில்லை.

ஏழாவது சனிக்கிழமை இருபது நிமிடம் வாசித்து முடித்து, பதிவைப் போட்டேன். வயரைப் பிடுங்காமலேயே சத்தம் வந்தது. கருவி என்னைப் புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தபோது மனைவி துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, காலையில கூட்டுறப்போ அந்த வயர கழட்டி வச்சேன். திரும்ப மாட்டவே இல்ல. அதுல எப்படி சத்தம் வருது?"

மேசைக்குப் பின்னால் பார்த்தேன். வயர் சுருண்டு நாற்காலி மேல் கிடந்தது.

"அப்போ," என்று அவள் நிதானமாகக் கேட்டாள், "இந்த மைக்கு எதுக்கு?"

பல வருட தாம்பத்தியத்தில் பதில் இல்லாத கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. இவ்வளவு சுருக்கமாக ஒன்றும் வந்ததில்லை.

மறுநாளே மைக்கையும் வயரையும் பையில் போட்டுக்கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போனேன். கோயில்களுக்கும் சர்ச்சுகளுக்கும் ஒலிபெருக்கி விற்கும் கடை அது. மேசைக்குப் பின்னால் முப்பது வயது மதிக்கத்தக்க நம் பெண் ஒருத்தி இருந்தாள்.

"வாங்க அண்ணே, என்னா பிரச்சினை?"

இரண்டையும் மேசைமேல் வைத்தேன். வயரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"இது கராவோக்கே வயர்லா, அங்கிள்."

ஒரே ஒரு வயரால் நான் அண்ணன் பதவியிலிருந்து இறங்கினேன்.

"இத நேரா கம்ப்யூட்டர்லயா மாட்டுனீங்க? எப்படி டெஸ்ட் பண்ணீங்க?"

"தட்டிப் பாத்தேன்."

"அலமாக்!" என்று தலையில் கை வைத்தாள். "இத தட்டவே கூடாது அங்கிள். கொழந்தையோட காது மாதிரி இது. சரி, திரும்பக் கேக்குறப்போ சத்தம் வந்துச்சா?"

"வயரப் புடுங்குனா வரும்."

அவள் சிரிப்பை அடக்க முயன்றாள், முடியவில்லை. "கம்ப்யூட்டரு இத இயர்போன்னு நெனச்சிருக்கு. நீங்களும் மைக்குகிட்ட பேசியிருக்கீங்க, கம்ப்யூட்டரும் மைக்குகிட்ட பேசியிருக்கு. மைக்குதான் யாருகிட்டயும் பேசல."

"ஏன் பேசல?"

"அதுக்கு ஹந்து பவர் வேணும்."

ஹந்து என்றால் மலாயில் பேய். கேலி செய்கிறாள் என்று நினைத்து அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

"நெசமாத்தான் அங்கிள். ஃபேண்டம் பவருன்னு சொல்லுவாங்க. எங்க சீன முதலாளி ஹந்து பவர்னுதான் சொல்லுவாரு, அதுவே எங்களுக்கும் வந்துடுச்சி. சத்தம் வர்ற வயர்லயே மைக்குக்கு கரண்டும் போவும். ஆனா அத குடுக்குறதுக்கு நடுவுல ஒரு பெட்டி வேணும். கராவோக்கே மைக்குக்கு அது தேவையில்ல, அது கல்லு மாதிரி, கீழ போட்டாலும் பாடும். எந்தப் பக்கம் பாத்து பேசுனீங்க?"

உச்சியைக் காட்டினேன். ஐஸ்கிரீமை எந்த இடத்தில் நக்குவோமோ அந்த இடம்.

"சைடுல பேசணும் அங்கிள். கம்பெனி சின்னம் போட்டிருக்குல்ல, அந்தப் பக்கம்."

"இவ்ளோ நாள் எந்தப் பக்கம் பேசியிருந்தாலும் ஒண்ணுதானம்மா," என்றேன், மிச்சமிருந்த கௌரவத்தோடு.

"அதுவும் சரிதான்."

உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டியையும், இரு முனையிலும் வட்டத் தலை கொண்ட சரியான வயரையும் எடுத்து வைத்தாள். "பாட்டு பாடுவீங்களா? பிரசங்கமா?"

"அக்காவுக்குப் படிச்சிக் காட்ட. கண்ணு தெரியல அவளுக்கு. பெர்த்ல இருக்கா."

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். ஒரு தாளை எடுத்து, செய்ய வேண்டியதை வரிசையாக எழுதினாள். பெட்டியின் குமிழ் முதலில் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். மைக்கைப் பெட்டியில் மாட்டி, பெட்டியைக் கணினியில் மாட்ட வேண்டும். பிறகு 48 என்று போட்ட பொத்தானை அழுத்த வேண்டும், அதுதான் ஹந்து. பிறகு கணினியிடம், இனி இந்தப் பெட்டி வழியாகக் கேள் என்று தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். குமிழைக் கடைசியில்தான் மெல்ல ஏற்ற வேண்டும், பச்சையில் நிற்கும்வரை, சிவப்புக்குப் போகாமல். தாளின் அடியில் 'தட்டாதீங்க' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள்.

அன்று பிற்பகலே உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தியதும் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. கணினியின் அமைப்புகளைத் திறந்தபோது, மடிக்கணினியின் சொந்த மைக்குக்கு எதிரே டிக் குறி இருந்தது. அது ஏழு வாரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நான் அந்தப் பக்கமே போனதில்லை. பெட்டியின் பெயருக்கு அதை மாற்றினேன். ஹெட்போனைப் பெட்டியில் மாட்டிக் காதில் வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினேன்.

என் வீட்டை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். குளிர்பெட்டி முனகியது. பக்கத்து வீட்டில் யாரோ பூண்டு நசுக்கினார்கள். அடுத்த அறையில் மனைவி துணி மடிப்பதுகூடக் கேட்டது. எல்லாம் காதுக்குள்ளேயே நடந்தது. இவ்வளவு கேட்கும்போதும் எதிர் நாற்காலியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது காலியாக இருப்பது எனக்குத் தெரியும், ஆனாலும் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு சின்னத்தின் பக்கமாக உட்கார்ந்து வாசித்தேன். முடித்துவிட்டுப் பதிவைத் திரையில் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. என் குரல் மேடும் பள்ளமுமாக ஓடிய கோட்டில், ஆங்காங்கே இரண்டு மூன்று வினாடிக்கு வெறும் நேர்க்கோடு. எங்கே தடுமாறினேன் என்று திரும்பக் கேட்டேன். தடுமாறவில்லை. அக்கா சிரிக்க வேண்டிய இடங்களில் நிறுத்தியிருக்கிறேன். சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறேன். பழைய பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். ஏழிலும் அப்படித்தான். வெட்டிவிடலாம், சுட்டியால் இழுத்து ஒரு விசையை அழுத்தினால் போதும். இழுத்தேன். அழுத்த மனம் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

கட்டைவிரல் வரும் என்று செல்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். அரை மணி நேரத்தில் அது மணி அடித்தது.

"டேய்," என்றாள் அக்கா. "என்னடா பண்ண? பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரியே இருக்கு. நீ எச்சி முழுங்குறது மொதக்கொண்டு கேக்குதுடா."

செல்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "முன்னாடி அனுப்புனதெல்லாம்?"

"அதுவா. துணி மூட்டைக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருந்துச்சி. பாதிக்கு மேல ஒண்ணுமே புரியல."

"அப்புறம் ஏன்கா ஒண்ணும் சொல்லல?"

"நீ மெனக்கெட்டு படிச்சி அனுப்புற. கேக்கலன்னு சொன்னா நிறுத்திடுவியோன்னு பயந்துட்டேன்டா."

அவள் பக்கத்தில் யாரோ குழாயைத் திறந்து மூடினார்கள்.

"இப்ப எல்லாம் கேக்குதுல்ல?" என்றேன். "எப்படி இருக்கு?"

"கேக்குது, கேக்குது. ஒரு வார்த்தை விடாம கேக்குது." அக்கா பெருமூச்சு விட்டாள். "முன்னாடி கேக்காத எடத்தையெல்லாம் நானே இட்டுக்கட்டி வச்சிருந்தேன்டா. அது இதவிட நல்லா இருந்துச்சி."