தமிழ் பேசிய துரை

சுதந்திர தினத்தன்று ராயபுரத்தில் ஒரு நாடகத்துக்குத் தலைமை தாங்கினேன். தலைமை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். முன் வரிசையில் கைப்பிடி வைத்த நாற்காலி, கழுத்தில் ஒரு மாலை, கையில் ஒரு சோடா... அவ்வளவுதான். ஆனால் என்னை ஒத்திகைக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

நாடகம் போட்டவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள். எழுதி, டைரக்ட் செய்து, கதாநாயகனாகவும் நடித்தவர் முனுசாமி. ஹார்பரில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவர், வியாசர்பாடிக்காரர். மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு நம் ஜனங்களைக் கப்பலேற்றினார்களே, அதுதான் கதை.

முனுசாமிக்கு அது வெறும் கதை அல்ல. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா பினாங்குக் கப்பல் ஏறினார். அப்புறம் தகவலே இல்லை. அம்மா முனியம்மா இன்றைக்கும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்கிறார். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாதபோது எதை நம்பி அழிப்பது? தெருவோ வேறு கதை கட்டியிருந்தது. பெண்டாட்டி தொல்லை தாங்காமல் ஓடிப்போனவன் என்று.

"எங்க நைனா ஓடல சார். ஏமாத்தி இட்டுகினு போனாங்க. அத்த எங்கம்மாவும் பாக்கணும், அந்தத் தெரு சனமும் பாக்கணும். அதுக்குத்தான் இந்த டிராமாவே" என்றார் முனுசாமி.

நியாயமான ஆசை. சரி, இட்டுக்கொண்டு போனது யார்? தோட்டத்துரை எந்தக் காலத்தில் வியாசர்பாடிச் சந்துக்குள் வந்தான்? வந்தவன் கங்காணி. மாமா, மச்சான் என்று உறவு கொண்டாடி, தின்ன வெற்றிலை கொடுத்து, தலைக்கு இவ்வளவு என்று கம்பெனியில் வாங்கிக்கொண்டு ஆள் பிடித்தவன். நம்மவன்.

வேஷம் பிரிக்கும்போதுதான் வேடிக்கை. துரை வேஷத்துக்கு ஏழெட்டுப் பேர் போட்டி. தொப்பி, பூட்ஸ், முகம் பூராவும் பவுடர் — யாருக்குத்தான் கசக்கும்? கங்காணி வேஷத்துக்கு ஒருவரும் இல்லை. "நாளைக்கு ஹார்பர் கேட்டாண்ட நாலு பேரு கங்காணின்னு கூப்ட்டா பேஜாராப் பூடும்" என்று ஆளாளுக்கு நழுவினார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் மொத்தப் புளி வியாபாரம். பந்தல், விளக்கு, மைக் எல்லாம் அவர் உபயம்.

"வெள்ளைக்காரன் பண்ணுன அக்கிரமத்தைச் சொல்லுங்க, வேண்டாங்கல. கொடியேத்துத அன்னைக்கு நம்ம ஆளை எதுக்கு இழுக்கிய? கங்காணி வேண்டாம். வெட்டிருங்க" என்றார்.

பந்தல் போடுகிறவர் சொன்னால் கேட்காமல் முடியுமா? வெட்டினார்கள். விளைவு என்ன தெரியுமா? கங்காணி செய்ய வேண்டிய வேலையெல்லாம் துரை தலையில் விழுந்தது. தொப்பியும் பூட்ஸுமாக ஒரு வெள்ளைக்காரத் துரை நேரே வியாசர்பாடிக் குடிசை வாசலுக்கு வந்து நின்று, "தோ பாரு மாமு, நம்ம தோட்டத்துல வேலை கீது, வர்றியா?" என்கிறார். கதாநாயகனும் உடனே துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அண்ணாச்சி உட்பட. முனுசாமி மட்டும் தலைப்பாகையைக் கழற்றிக் கீழே போட்டார்.

"பாத்தியா சார்... கங்காணி இல்லாட்டி எங்க நைனா தானா ஓடிப் போன மாரிதான் ஆவுது. அத்தத்தான் ஊரே சொல்லிகினு கீதே. அதுக்கு டிராமா வேற எதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. அண்ணாச்சி பக்கம் திரும்பி, "இந்தத் துரைக்குத் தமிழ் யார் சொல்லிக்கொடுத்தது அண்ணாச்சி?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

என்னைத் தனியே அழைத்துப் போனார். "எங்கய்யா கங்காணிதான்" என்றார். "கடை அதுல வந்ததுதான். ஆள் கூப்பிடும்போது என்ன பேசுவாகன்னு வீட்ல நடிச்சுக் காட்டுவாக. சின்னப் பிள்ளைய நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம். போனவன் வீட்ல எப்படி இருந்திருக்கும்னு ஒரு நாளும் நெனச்சதில்ல ஐயா."

நான் வீட்டுக்குத் திரும்பினேன்.

மேடைக்கு மேடை அடிமைத்தனம் பற்றி முழங்குகிறோம். வெள்ளைக்காரன் பிடித்தான், விற்றான், பிழிந்தான் — அத்தனையும் உண்மை. அதில் ஒரு வரி குறைக்க வேண்டாம். ஆனால் கப்பலேறியவர்களில் எத்தனை பேர் அதற்கு முன்பே இங்கே பண்ணையடிமைகள்? ஊருக்குள் செருப்புப் போட முடியாதவன், அங்கே போனாலாவது நிமிர்ந்து நடக்கலாம் என்று கங்காணி பேச்சை நம்பினான். அந்தப் பண்ணைக்காரர் எந்தச் சீமையிலிருந்து வந்தார்? இதைச் சொன்னால் தேசபக்தி குறைந்துவிடும் என்கிறார்கள். அவ்வளவு மெலிந்த பக்தியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்குக் கோபம்தான் வருகிறது.

சுதந்திர தின சாயங்காலம். பந்தல் நிரம்பிவிட்டது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி முனியம்மா. அவருக்குப் பின்னால் வியாசர்பாடித் தெருவே வந்து உட்கார்ந்திருந்தது. திரை விலகுவதற்குச் சற்று முன்னால், கறுப்புக் கோட்டும் கையில் குடையுமாக அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் போவதைப் பார்த்தேன். முனுசாமியிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம்: "கங்காணி வேஷம் காலியாத்தான இருக்கு?"

குடிசை வாசலில் கங்காணி வந்து நின்றார். வெற்றிலையை நீட்டினார். அவருக்கு யாரும் டயலாக் எழுதித் தரவில்லை.

"ஏன் மாப்ள இங்க கிடந்து சாவுத? அங்க மரத்துல பாலு வடியுது, பிடிச்சா போதும். ஆறே மாசம். பொங்கலுக்கு வீடு வந்து சேர்ந்திரலாம். தங்கச்சி, நீ எதுக்கு அழுத? நம்ம சனம்லா நான்... நான் இருக்கும்போது இவனை விட்டிருவேனா?"

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா வேஷத்தில் இருந்த முனுசாமி மூட்டையைத் தூக்கத் தயங்கினார். கங்காணியே அதைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

முனியம்மா எழுந்து பின்வரிசைப் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"இதே பேச்சுதான். ஆறு மாசம்னுதான் சொன்னான். மூட்டையையும் அவன்தான் தூக்கினு போனான். நான் வெரட்டுனேன்னு சொன்னீங்களே... இப்ப சொல்லுங்க."

மறுபடி உட்கார்ந்து மேடையைப் பார்த்தார்.

நாடகம் முடிந்ததும் அண்ணாச்சி கோட்டைக் கழற்றாமலே முனியம்மாவிடம் வந்தார். "அம்மா, அது எங்கய்யாதானா, வேற ஆளான்னு எனக்குத் தெரியாது" என்றார். முனியம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "யாரா இருந்தா இன்னா. உன் வாயால சொன்னியே" என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை.

மறுநாள் காலை தெருக்குழாயடியில், இத்தனை வருஷம் "ஓடிப்போனவன் பொண்டாட்டி" என்று வாய் ஓயாமல் பேசிய எதிர்வீட்டுக்காரி, தன் குடத்தை நகர்த்தி முனியம்மாவுக்கு வழி விட்டாளாம். முனுசாமி வந்து சொன்னார்.

அண்ணாச்சிக்கு இப்போது பேட்டை முழுவதும் ஒரே பெயர்தான் — கங்காணி. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார்.