அம்மா திருப்பி எறிந்த பந்து

மெல்பேர்ணில் பேஸ்போல் ரசிகையாக இருப்பவள் பாதி ஆயுளை விளக்கம் சொல்லியே கழிக்க வேண்டும். பிறந்தநாள் விழாக்களில் அங்கிள்மார் என்னைப் பிடித்து நிறுத்தி, "அதுவும் கிரிக்கெட் மாதிரித்தானே பிள்ளை?" என்று கேட்பார்கள். பல வருடங்கள் பொறுமையாக விளக்கிப் பார்த்தேன். இப்போதெல்லாம் "ஓம் அங்கிள்" என்று சொல்லிவிட்டு மேசையில் இருக்கும் ரோல்ஸ் பலகாரத்தை எடுக்கப் போய்விடுகிறேன். வட அமெரிக்காவில் இரவு ஆட்டம் தொடங்கும்போது இங்கே மறுநாள் காலை. ஆகவே ஒரு காதில் அலுவலகக் கூட்டமும் மறு காதில் ஆட்டமுமாக வருடத்தில் ஆறு மாதம் ஓடிவிடும். என் அணி பெரும்பாலும் தோற்கும். அதற்காக அணியை மாற்றிக்கொள்ள மனம் வருமா? வராது, அவ்வளவுதான்.

இந்தப் பைத்தியத்தை எனக்குத் தொற்ற வைத்தவர் கனடாவில் இருக்கும் மாமா, அம்மாவின் தம்பி. எனக்கு எட்டு வயதானபோது ஒரு பார்சல் அனுப்பினார். உள்ளே ஒரு தொப்பியும், பந்து பிடிக்கும் தோல் கையுறையும் இருந்தன. கையுறை பெரியவர்களுக்கானது. போட்டால் என் கை இருக்கும் இடமே தெரியாது. ஞாயிறு காலைகளில் மாமா தொலைபேசியில் அழைத்து விதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லித் தருவார். அவற்றில் ஒன்று மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. பார்வையாளர் பக்கம் வந்து விழும் பந்து, பிடிப்பவருக்கே சொந்தம். வீட்டுக்குக் கொண்டுபோகலாம், யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் நகரத்துக்கும் ஓர் அணி உண்டு, கோடையில் ஆடும். நாங்கள் நகரின் தென்கிழக்கே கிளேட்டனில் இருந்தோம். மைதானமோ ஆற்றுக்கு மேலே உயரமாகப் போகும் வெஸ்ட் கேட் பாலத்தைத் தாண்டி மேற்கே எங்கோ இருந்தது. மூன்று கோடைகளாக அப்பா என்னைக் கூட்டிப்போனார். ஆட்டம் முடியும்வரை கையுறையைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பேன். பந்துகள் எனக்கு இரண்டு வரிசை முன்னே விழுந்தன, நான்கு வரிசை பின்னே விழுந்தன. என்னிடம் மட்டும் வரவில்லை.

எனக்குப் பதினொரு வயதான கோடையில், கடைசி ஆட்டத்தன்று அப்பாவுக்கு வேலை வந்துவிட்டது. நான் அழுத அழுகையில் அம்மா கார்ச் சாவியை எடுத்தார். அவர் லைசென்ஸ் எடுத்து நான்கு மாதம்தான். கிளேட்டன் கடைத்தெருவுக்கு அப்பால் தனியாக ஓட்டியதில்லை. பாலத்தில் ஏறியதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துத் தேவாரத்தை முணுமுணுக்கத் தொடங்கியவர், மறுபக்கம் இறங்கும்வரை நிறுத்தவில்லை. "கதைக்காதை, நான் பார்த்து ஓட வேணும்" என்று இடையில் ஒருமுறை சொன்னார். நான் வாயே திறந்திருக்கவில்லை.

மைதானத்தில், ஆட்டக்காரர் ஓடிக் கடக்கும் மூன்றாம் பேஸ் பக்கமாக இடம் கிடைத்தது. அம்மா ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மடியில் ரோல்ஸ் டப்பாவை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது அது நடந்தது. அடித்தவனின் மட்டையில் பக்கவாட்டில் பட்ட பந்து, விர்ரென்று எங்களை நோக்கியே வந்தது. மூன்று வருடமாகக் காத்திருந்த பந்து. நான் என்ன செய்தேன் தெரியுமா? கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் குனிந்துவிட்டேன்.

சப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அம்மா எழுந்து நிற்கிறார். ரோல்ஸ் எல்லாம் நிலத்தில் சிதறிக் கிடக்கிறது. பந்து அவர் கையில். நான் அதை நோக்கிக் கை நீட்டுவதற்குள் அம்மா தோளைப் பின்னுக்கு இழுத்து எறிந்தார். பந்து மேலே எழும்பவில்லை. வேலிக்குச் சற்று மேலாக நேராகப் போய், மூன்றாம் பேஸில் நின்ற வீரரின் நெஞ்சுக்கு நேரே கையுறையில் விழுந்தது. அவர் ஒரு கணம் திகைத்து நின்று, தொப்பியைக் கழற்றி அம்மாவைப் பார்த்துத் தலை குனிந்தார். சுற்றியிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எழுந்து நின்று கைதட்டினார்கள். அம்மா சட்டென்று உட்கார்ந்து ரோல்ஸைப் பொறுக்கத் தொடங்கினார்.

"அம்மா! அது என்ர பந்து!"

"விளையாடுற பிள்ளையளுக்குப் பந்து வேணுமெல்லே? நாங்கள் வைச்சிருந்தா அவை என்னெண்டு விளையாடுறது?"

"அவையிட்ட நூறு பந்து இருக்கு!"

"நூறோ?" என்று கேட்டபோது அம்மாவின் முகம் வாடிப்போனது. ஓர் ஆட்டத்துக்கு நூறு பந்து இருக்கும் என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான்கூடச் சொன்னதில்லை.

திரும்பும் வழியில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு முறை "ஸொரி பிள்ளை" என்றார். ஆனால் பாலத்தில் ஏறியபோது அவர் தேவாரம் பாடவில்லை என்பதைக் கவனித்தேன். சிவந்து வீங்கிய உள்ளங்கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, முன்னால் பார்த்துத் தனக்குள் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என் பந்து போய்விட்டது, இவருக்குச் சிரிப்பு வருகிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் ஞாயிறு. மாமா அழைத்ததும் முழுவதையும் கொட்டினேன். கதிரைக்கு அடியில் குனிந்ததை மட்டும் சொல்லவில்லை.

"அக்காவோ பிடிச்சவ? வெறுங்கையாலையோ?"

"ஓம் மாமா, பிடிச்சுப்போட்டு எறிஞ்சிட்டா!"

மாமா சத்தமாகச் சிரித்தார். அவர் சாதாரணமாகப் பேசினாலே அடுத்த அறைவரை கேட்கும்.

"அடியே, ஊரிலை கிரிக்கெட் விளையாடேக்கை தம்பிமார் நாங்கள் நாலு பெடியளும் மாறி மாறி அடிப்பம். அக்காதான் வெயிலுக்கை நிண்டு பந்தைப் பிடிச்சுப் பிடிச்சு எறியிறவ. எங்களிட்ட இருந்தது ஒரேயொரு பந்து. எவ்வளவு கேட்டும் அவவுக்கு ஒருநாளும் நாங்கள் மட்டை குடுக்கேல்லை." அவர் குரல் கொஞ்சம் மாறியது. "போனை அக்காட்டைக் குடு. கெதியாக் குடு."

அம்மா குசினி வாசலில் நின்றார். எல்லாம் கேட்டிருந்தது. ஈரக் கையை அவசரமாகச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு அடி முன்னே வந்து கையை நீட்டினார். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அம்மா குளிக்கிறா மாமா. வைக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சின்னப் பொய்க்கே அகப்பையைத் தூக்குபவர், அன்று ஏசக்கூட இல்லை. நீட்டிய கையை இறக்கிக்கொண்டு உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டார். நன்றாகப் பழிவாங்கிவிட்டோம் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது. அடுத்த ஞாயிறு மாமா அழைத்தபோது அவருடைய வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மாவும் அவரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

நாலு பேருக்காக வெயிலில் நின்ற அக்காவிடம் அந்தத் தம்பிகளில் ஒருவன் முதல்முறையாக ஏதோ சொல்ல வந்தான் என்பதும், அம்மா அதற்காகத்தான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.