இரண்டு பேருக்கு ஒரே டோக்கன்

என் கையால் ஒரு மனிதர் செத்திருப்பார், சகோதரங்களே. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆண்டவர் செய்ததை மறைக்கத்தான் பயம்.

எண்பத்தாறாம் வருஷம் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தது. சனிக்கிழமைதோறும் வேலூருக்குப் போய் டேட்டாபேஸ் பாடம் படித்தேன். பாதி படிப்பதற்குள் எனக்கு மண்டைக்கனம். தொழிலாளர்களின் மருத்துவ அட்டைகளை, கம்பெனி அவரவருக்குக் கொடுத்த டோக்கன் நம்பர்படி கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அதிலிருந்து அடித்துக் கொடுக்கும் சீட்டைப் பார்த்துத்தான் நர்ஸம்மா மருந்து கொடுப்பார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். வேலையை விட்டுப் போகிறவர் தன் டோக்கனைத் தம்பிக்கோ மகனுக்கோ கொடுத்துவிட்டுப் போவார். 214 பால்ராஜ் ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலைக்குப் போனார். அதே டோக்கனில் அவர் தம்பி வில்சன் வந்தார். நான் பெயரையும் வயதையும் மட்டும் மாற்றினேன். மருத்துவ விவரத்தைப் பிறகு மாற்றலாம் என்று வில்சனின் அட்டையை டிராயரில் போட்டு, மறந்தே போனேன்.

ஒரு திங்கட்கிழமை காலை சூப்பர்வைசர் ஓடிவந்தார். "வில்சனுக்கு மெஷின்ல கை கிழிஞ்சிட்ச்சிம்மா! நர்ஸம்மா சீட்டு கேக்கறாங்க!"

அடித்துக் கொடுத்தேன். அவர் போனதும், அண்ணன் தம்பிக்கு ஒரே நம்பர் என்பது உறுத்த, வகுப்பு நோட்டைப் பிரித்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: 'ஒருவருக்குக் கொடுத்த அடையாள எண்ணை, அவர் போன பிறகும் இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது.'

ஐயோ! டிராயரை இழுத்தேன். வில்சனின் அட்டையில் சிவப்பு மையில் 'பென்சிலின் ஆகாது'. நான் கொடுத்த சீட்டிலோ அண்ணனுடைய விவரம்: 'பென்சிலின் போடலாம்'.

"இயேசப்பா, அந்த ஊசியைப் பிடிச்சிக்கோங்க!" வேறு ஜெபமே வரவில்லை. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

மருந்தறையில் நர்ஸம்மா ஸ்டவ்வைத் திட்டிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா கிரேசு, பேயடிச்ச மாதிரி வர்ற? கெரசின் தீந்துபோச்சி, ஊசி இன்னும் கொதிக்கவே இல்ல. கம்ப்யூட்டரே சொல்லிட்ச்சேன்னு, பென்சிலின் ஒத்துக்குமான்னு டெஸ்ட்கூட வேணாம்னு இருந்தேன்!"

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வில்சனிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்க்கா" என்றார்.

அந்தக் கல்யாணத்தில் என்னால் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. மணவறையில் அவர் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் எல்லோருக்கும் தனித்தனி எண் போட்டு முடித்திருந்தேன். ஆள் போனாலும் அந்த எண் யாருக்கும் போகாது. என் மண்டைக்கனமும் அன்றோடு போயிற்று.

உங்கள் தப்பு கைமீறிப் போய்விட்டதா? வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடுங்கள். உங்களுக்கு முன்னால் அவர் அங்கே போய்ச் சேர்ந்திருப்பார்.